மீசைக்கார மீனுக்கும் பசி உண்டு!

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியாக ஒரு மீன் வாங்குவார்கள்.

கப்பி எடுத்தாயிற்று. டெட்ரா எடுத்தாயிற்று. ஏஞ்சலும் எடுத்தாயிற்று. பணம் கொடுக்கும் நேரத்தில் கடைக்காரர் சொல்லுவார்:

"சார், இதிலே ஒண்ணு போட்டுக்குங்க. அடியிலே கிடக்கிற அழுக்கை எல்லாம் தின்னுடும். தனியா தீனி போட வேண்டியதே இல்லை."

இரண்டு அங்குல நீளம். பழுப்பு நிறம். வாய் ஓரத்தில் மீசை. பார்த்தால் நம் ஊர்க் கெளுத்தியின் குட்டி போல இருக்கும். சரி, ஒன்று இருக்கட்டும் என்று வாங்கி விடுகிறார்கள்.

வீட்டில் தொட்டியைச் சுற்றிக் குழந்தைகள் கூடுகிறார்கள். தீனி தூவுகிறார்கள். மேலே நீந்தும் மீன்கள் பாய்ந்து வந்து தின்று விடுகின்றன. கீழே ஒரு துணுக்குக்கூட வந்து சேருவதில்லை. மீசைக்கார மீன் கல்லுக்குக் கல் முகர்ந்து பார்க்கிறது. ஒன்றும் கிடைப்பது இல்லை.

சில வாரங்கள் போகின்றன. ஒரு நாள் காலையில் குழந்தை ஓடி வருகிறது.

"அப்பா! அடியிலே இருக்கிற மீன் அசையவே இல்லையே!"

அப்பா குனிந்து பார்க்கிறார். வயிறு ஒட்டிக் கிடக்கிறது. மீசை தேய்ந்து போயிருக்கிறது.

"அதுக்கு வயசாயிடுச்சு கண்ணு" என்று சமாதானம் சொல்லுகிறார்.

வயது அல்ல, பட்டினி! நன்றாக வைத்துக் கொண்டால் 10 ஆண்டுகள்கூட உயிர் வாழக்கூடிய மீன் அது.

பல வீடுகளில் நடக்கிற கதை இது. யாரும் வேண்டும் என்று செய்வது இல்லை. "இது அழுக்கைத் தின்னும் மீன்" என்ற ஒரு தவறான நம்பிக்கையால் வரும் வினை!

கவசம் அணிந்த வீரன்

இந்த மீனுக்குக் "கோரிடோராஸ்" என்று பெயர். கடைகளில் சுருக்கமாகக் "கோரி" என்பார்கள்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. டிரினிடாட் தீவு முதல் அர்ஜென்டினா வரை ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழுகிறது. 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இதற்கு மற்ற மீன்களைப்போல செதில் கிடையாது. அதற்குப் பதிலாக உடலின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு வரிசையாக, எலும்புத் தகடுகள் இருக்கின்றன. ஓட்டு வீட்டின் கூரையில் ஓடு அடுக்கியதுபோல் அவை அமைந்திருக்கும்.

பிரான்சு நாட்டு அறிஞர் லாசெப்பேது 1803-ம் ஆண்டில் இதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் "தலைக்கவசம்", "தோல்" என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது.

2024-ல் விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பல மீன்களின் அறிவியல் பெயரை மாற்றினார்கள். ஆனாலும் கடையில் கேட்க "கோரி" என்ற பெயரே போதும்.

டார்வின் பிடித்த மீன்

"உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன" என்று சொன்ன டார்வினைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் 1831 முதல் 1836 வரை "பீகிள்" என்ற கப்பலில் உலகைச் சுற்றினார். தென் அமெரிக்காவில் பல மீன்களைச் சேகரித்தார்.

அவற்றில் உடம்பில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு மீசை மீனும் இருந்தது. லெனர்டு ஜெனின்சு என்ற இங்கிலாந்து அறிஞர் 1842-ல் அதைப் பற்றி எழுதினார். இன்று கடைகளில் "பெப்பர் கோரி" என்று விற்கிறார்களே, அதே மீன்தான்!

டிரினிடாட் தீவில் கிடைத்த வெண்கல நிற வகைக்கு 1858-ல் பெயர் வைத்தார்கள். அதுதான் "பிரான்ஸ் கோரி". வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருப்பதும் பெரும்பாலும் இதே மீன்தான். நிறம் இழந்து பிறந்தது, அவ்வளவே.

இவை இரண்டும் 2 முதல் 3 அங்குலம் வரை வளரும். ஓர் அங்குலமே வளரும் "பிக்மி" வகையும் உண்டு.

குடலால் சுவாசிக்கும்!

கோரி மீன் தரையில் அமைதியாக மேய்ந்து கொண்டிருக்கும். திடீரென்று அம்பு போல மேலே பாயும். ஒரு வாய் காற்றைக் குடிக்கும். அடுத்த நொடி மீண்டும் தரைக்கு வந்து விடும்.

இது விளையாட்டு அல்ல. அது மூச்சு விடும் முறை!

எல்லா மீன்களையும் போல இதற்கும் செவுள் உண்டு. அதோடு, விழுங்கிய காற்றில் இருக்கும் பிராண வாயுவைக் குடலும் உறிஞ்சிக் கொள்கிறது. மிஞ்சிய காற்று பின் வழியாக வெளியேறி விடும். ஆற்றில் தண்ணீர் வற்றி, காற்றோட்டம் குறையும் காலத்தில் இது உயிரைக் காக்கிறது.

ஆகவே தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடக்கூடாது. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

எப்போதாவது மேலே வந்து போவது இயல்பு. ஓயாமல் ஏறி இறங்கினால் தண்ணீர் கெட்டு விட்டது என்று பொருள். அது மீன் கொடுக்கும் எச்சரிக்கை!

இன்னொரு வேடிக்கை: இது கண் சிமிட்டும்! மீனுக்கு இமை ஏது என்று கேட்கலாம். இமை இல்லைதான். கருவிழியைச் சட்டென்று கீழே உருட்டி மேலே கொண்டு வரும். பார்ப்பவருக்குக் கண் அடிப்பது போலவே இருக்கும். குழந்தைகள் இதைக் கண்டு விட்டால் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள்.

அழுக்கைத் தின்னாது

கோரி மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. கண்ணாடியில் படியும் பாசியையும் தின்னாது. கீழே விழும் நல்ல தீனியைத்தான் தின்னும்.

ஆற்றிலும் அதன் உணவு அழுக்கு அல்ல. மணலுக்குள் இருக்கும் சிறு புழுக்களும் பூச்சிகளும்தான் அதன் முக்கிய உணவு.

ஆகவே இதற்கென்று தனியாகத் தீனி போட வேண்டும். தண்ணீரில் மூழ்கும் தீனி கடைகளில் வில்லையாகவும் குருணையாகவும் கிடைக்கிறது. இரவு விளக்கை அணைத்த பிறகு போட்டால் நல்லது. மேலே இருக்கும் மீன்கள் அப்போது அடங்கி விடும். இருட்டில் கோரிக்குக் கண் தேவை இல்லை. மீசையே தீனியைக் கண்டுபிடித்து விடும்.

வாரத்தில் ஒன்றிரண்டு முறை ரத்தப் புழு கொடுக்கலாம். உறைய வைத்து விற்பதை வாங்குவது நல்லது. சாக்கடை ஓரம் பிடித்த புழுக்களால் நோய் வரலாம்.

எவ்வளவு போடுவது? சில மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுதான். காலையில் பார்க்கும்போது மிச்சம் கிடந்தால், மறுநாள் குறைத்துப் போட வேண்டும். மிச்சத்தை அள்ளி எறிந்து விட வேண்டும். பட்டினி போடுவதும் தவறு. அள்ளிக் கொட்டுவதும் தவறு!

மீசை போனால் பிழைப்பு போச்சு

நமக்குக் கை எப்படியோ, இந்த மீனுக்கு மீசை அப்படி. தொட்டுப் பார்ப்பதும் அதனால்தான். ருசி பார்ப்பதும் அதனால்தான்.

கோரி மீன் வாய் நிறைய மணலை எடுக்கும். உணவை வடிகட்டி விழுங்கும். மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். சல்லடையில் மாவு சலிப்பது போல நாள் முழுவதும் இந்த வேலை நடக்கும்.

கூர் முனை உள்ள கலர் கல்லைப் போட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது. வாயிலும் மீசையிலும் காயம் படும். கல் இடுக்கில் அழுகிய தீனி சேரும். அதில் பெருகும் கிருமிகள் மீசையை அரித்து விடும்.

ஆகவே தரைக்கு மெல்லிய, வழுவழுப்பான மணல் வேண்டும். ஓர் அங்குல உயரம் போதும். கழுவிய தண்ணீர் தெளியும் வரை பல முறை அலசிய பிறகே மணலைப் போட வேண்டும். கடற்கரை மணல் கூடாது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும்.

மறைந்து கொள்ள இடமும் வேண்டும். சிறு மண்சட்டியைக் கவிழ்த்து, மீன் நுழையும் அளவு வழி விட்டு வைத்தால் போதும். உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்கி விட வேண்டும். நீர்ச்செடிகள் நாலைந்து நட்டால் இன்னும் அழகு.

ஒன்று மட்டும் வாங்காதீர்கள்

கோரி மீன் கூட்டத்தில் வாழப் பிறந்தது. ஆறுகளில் பெருங்கூட்டமாகத் திரியும். கூட்டமாக இளைப்பாறும்.

வெண்கல நிறக் கோரிகள் ஒன்றை ஒன்று உடம்பால் இடித்துக் கொள்ளும். சண்டை அல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். "வா, போகலாம்" என்று தோழனைத் தொட்டு அழைப்பது போல, கூட்டம் சிதறாமல் இருக்க இது உதவுகிறது என்று கண்டார்கள்.

தனியாக விட்ட கோரி யாரைத் தொடும்? மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பலருக்கு இந்த மீனின் குறும்பே தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரே வகையில் ஆறு மீனாவது வாங்க வேண்டும். அதற்கு இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டி போதும். அதில் 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல் கனம். ஆடும் மேசை மீது வைக்கக்கூடாது.

ஆறு வாங்கக் கையில் பணம் இல்லையா? காத்திருந்து வாங்கலாம். ஒன்றை மட்டும் வாங்கித் தனியே வாட விட வேண்டாம்.

தண்ணீருக்குப் பொறுமை வேண்டும்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவது பெரிய தவறு.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு போல் இருக்கும். ஆனால் மீன் சாகும்!

இதற்கு மருந்து இயற்கையிலேயே இருக்கிறது. நல்ல பாக்டீரியாக்கள் பில்டரிலும் மணலிலும் குடியேறி, அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறு பாக்டீரியாக்கள் அதை அவ்வளவாகத் தீங்கு இல்லாத நைட்ரேட்டாக மாற்றி விடும். பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆக ஓர் இரவு பிடிக்கிறது. தொட்டித் தண்ணீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அதுவரை மீன் இல்லாமலே பில்டரை ஓட விட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வர வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி கடையில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று அது காட்டிய பிறகு மீனை விடலாம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் தொட்டி ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால், அதன் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடலாம். உறை மோர் வாங்குவது போலத்தான்! வேலை சீக்கிரம் முடியும்.

பிறகு வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மணல் மேல் படிந்த கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை இதுதான். இந்த வேலை வீட்டுக்காரருடையது, மீனுடையது அல்ல.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்கு ஆகாது. "ஆன்டி குளோரின்" சொட்டு மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். பில்டர் பஞ்சையும் குழாயடியில் கழுவக்கூடாது. நல்ல பாக்டீரியாக்கள் செத்து விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

வெயில் வந்தால்?

வெண்கலக் கோரிக்கு 22 முதல் 26 டிகிரி வரை வெப்பம் ஏற்றது. டார்வின் பிடித்த புள்ளிக் கோரி அதைவிடக் குளிர்ச்சியை விரும்பும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி விடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராண வாயு குறையும்.

தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்க வேண்டாம். கோடையில் மூடியை எடுத்து விட்டு வலை போட்டு மூடலாம். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் இரண்டொரு டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும். காற்றுக்குழாயை ஓட விட வேண்டும். ஐஸ் கட்டியை அள்ளிப் போடக்கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் மீனுக்கு ஆபத்து.

வெப்பமான ஊரில் இருப்பவர்கள் "ஸ்டெர்பை" என்ற வகையை வாங்கலாம். அது 28 டிகிரி வரை தாங்கும்.

கெளுத்தி முள், ஜாக்கிரதை!

கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கோரியும் அந்த இனம்தான். முதுகில் ஒரு முள். பக்கத்துக்கு ஒன்றாக மேலும் இரண்டு. பயந்தால் மூன்றையும் விறைப்பாக நிறுத்தி விடும்.

வலையால் பிடித்தால் முள் மாட்டிக் கொள்ளும். இழுத்தால் மீனுக்குக் காயம். கையால் பிடித்தால் நமக்குக் காயம். டம்ளரிலோ கிண்ணத்திலோ தண்ணீரோடு முகந்து எடுப்பதே சரி.

ஆஸ்கார், பிளவர் ஹார்ன் போன்ற பெரிய மீன்களோடு கோரியை வைக்கவே கூடாது. அவை விழுங்கப் பார்க்கும். முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும். சிறிய டெட்ரா, கப்பி ஆகியவை நல்ல அண்டை வீட்டார்.

சென்னையில் வண்ண மீனுக்குப் பேர் போன இடம் கொளத்தூர். அங்கே போனாலும், உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும், வாங்கும் முன் மூன்றைக் கவனியுங்கள். மீசை முழுதாக இருக்க வேண்டும். வயிறு ஒட்டி இருக்கக்கூடாது. அடிவயிற்றில் சிவப்புப் புண் இருக்கக்கூடாது.

மழை என்று நினைத்து முட்டை இடும்

தென் அமெரிக்காவில் மழை பெய்து ஆறு குளிர்ந்தால் இந்த மீன்கள் முட்டை இடும். வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நன்றாகத் தீனி கொடுத்து வளர்த்த கூட்டத்துக்குச் சற்றே குளிர்ந்த தண்ணீரை மாற்றினால், மழை வந்து விட்டது என்று மீன்கள் நினைத்துக் கொள்ளும்!

பெண் மீன், வயிற்றுத் துடுப்புகள் இரண்டையும் கூடை போலக் குவித்து, அதில் முட்டைகளை ஏந்திச் செல்லும். கண்ணாடியிலோ இலையிலோ இடம் பார்த்து ஒட்டி வைக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு வெளிவரும்.

ஒரு குறை உண்டு. பெற்ற தாயும் தகப்பனுமே முட்டையைத் தின்று விடுவார்கள்! முட்டைகளை மெல்ல எடுத்து வேறு தொட்டியில் வைக்க வேண்டும்.

ஏரியில் விடாதீர்கள்!

வளர்த்துச் சலித்தவர்கள் சிலர், "பாவம், எங்காவது பிழைக்கட்டும்" என்று மீனை ஏரியில் கொண்டு போய் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துப் பாவம் செய்கிறார்கள்.

கண்ணாடியில் வாயால் ஒட்டிக் கொள்ளும் "சக்கர்" மீனும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதையும் "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் நீர்நிலைகளில் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகி விட்டது. கரையில் வளை தோண்டுகிறது. மீனவர் வலையைக் கெடுக்கிறது. ஊர் மீன்களின் உணவில் பங்கு போடுகிறது.

வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். ஏரியிலும் கிணற்றிலும் விடவே கூடாது.

பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்

இரவு சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்து விட்டு, "கோரிக்குச் சாப்பாடு போட்டாயா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். ஒரு வில்லையைப் பிள்ளையே போடட்டும்.

சிறிது நேரத்தில் ஆறு மீசைக்காரர்களும் மணலைக் கிளறிக் கொண்டு வருவார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக் கொண்டு தின்பார்கள். ஒரு நாள் அவற்றில் ஒன்று உங்கள் பிள்ளையைப் பார்த்துக் கண் அடிக்கும்!

பேச வாய் இல்லாத உயிர் அது. பசித்தாலும் கேட்காது. கேட்காவிட்டாலும் போட வேண்டியது, வாங்கி வந்தவர் கடமை.